நாலு நாலு ஏழின் பெட்ரோல் முள்

நவம்பர் 24, ஞாயிறு

பெட்ரோல் முள் பொய் சொல்கிறது.

காலையில் பங்க்கில் இருபது லிட்டர் போட்டேன். டேங்க் பிடிப்பது முப்பது. உள்ளே ஏற்கெனவே ஐந்து கிடந்தது. கணக்குப்படி முள் முக்காலைத் தாண்டி நிற்க வேண்டும். அதுவோ நடுவில் இடுப்பு ஒடிந்தது போல வளைந்துகொண்டு பாதியில் தொங்குகிறது. வீட்டுக்கு வந்து குச்சி விட்டுப் பார்த்தேன். குச்சி இருபத்தைந்து என்றது.

குச்சி நான் செய்தது. தேக்குச் சட்டம், ஐந்து லிட்டருக்கு ஒரு வெட்டு. டேங்க்கில் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று கட்டை விரலால் தடவினால் நகம் வெட்டில் மாட்டும். ஆகவே தப்பு முள்ளில்தான். பம்ப் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து எத்தனையோ வண்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பியவன் நான். என்னிடமே இந்த வேலையா?

சரி செய்தே ஆக வேண்டும். தை 28, அதாவது பிப்ரவரி பத்தாம் தேதி, மகள் தாரணிக்குக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்ததும் அவளையும் மாப்பிள்ளையையும் நாலு நாலு ஏழில் உட்கார வைத்துப் பொள்ளாச்சியில் மாப்பிள்ளை வீடு வரை நான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பேசி வைத்தது. 1958 மாடல் வண்டி. ஒரு மில் ஷெட்டில் கோழி அடைகாக்கிற கூடாகக் கிடந்ததை வாங்கி ஓட வைத்தேன். பெயரெல்லாம் வைக்கவில்லை, வீட்டில் நம்பரைத்தான் சொல்வோம். பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும்போது அது நடுரோட்டில் நின்றால் ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் பேரன் பேத்தி காலம் வரை சொல்லிச் சிரிக்கும்.

நவம்பர் 26, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் ஆறுச்சாமி வந்தான். டிக்கியைத் திறப்பதற்கு முன்பே வியாதியைச் சொல்லிவிட்டான்.

"எர்த்துங்ணா. அந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் எர்த்துதானுங்ணா பிரச்சினை."

போன மாதம் லைட்டுக்கும் எர்த், அதற்கு முன் ஹாரனுக்கும் எர்த். அவன் வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்தாலும் எர்த் என்றுதான் சொல்வான். புது ஒயர் போட்டுவிட்டுக் கூப்பிட்டான்.

"பாருங்ணா, சும்மா கிண்ணுனு முக்காலுக்கு மேல நிக்குது."

பார்த்தேன். அதே பாதி, அதே வளைசல்.

"எங்கப்பா முக்கால்?"

"இங்கதானுங்ணா!" என்று விரலை வைத்துக் காட்டுகிறான். வருஷக்கணக்காக வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடி போடாமல் பார்த்தால் இப்படித்தான் ஆகும். நல்ல கண் டாக்டரைப் பார் என்று சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 30, சனி

டிக்கிக்குள் தலையைக் கவிழ்த்து ஆறு ஸ்குரூவைக் கழற்றி, முள்ளை நகர்த்தும் டேங்க் மிதவையை எடுத்தேன். தக்கை மிதவை. பெட்ரோல் குடித்துக் கனத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். எடை போட்டால் அப்படி ஒன்றும் இல்லை. இருந்தாலும் பித்தளை மிதவை மாற்றிவிட்டேன். முதுகு போயிற்று, முள் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

மிதவை இல்லை, ஒயர் இல்லை. அப்படியென்றால் மீட்டர்தான். உக்கடம் போக வேண்டும்.

டிசம்பர் 7, சனி

உக்கடத்தில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கி, அதே மாடல் மீட்டர் ஒன்றைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் அதிலும் முள் வளைந்திருக்கிறது! மத்தியானச் சாப்பாட்டைக்கூடப் பார்க்காமல் திரும்ப பஸ் ஏறினேன். கடைக்காரர் மீட்டரை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"பெரியவரே, இந்த முள்ளு வளைஞ்சிருக்குன்னா இந்தக் கடையவே உங்க பேருக்கு எழுதித் தர்றேன். சாப்டீங்களா இல்லியா? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு."

சாப்பிட்டேனா என்று எதற்குக் கேட்கிறார்? பேச்சை மாற்றுகிறார். வளைந்த மீட்டரோடு திரும்பி வந்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

தாரணி தன் போனில் மீட்டரைப் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"பாருங்கப்பா. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்குது."

படத்திலும் வளைசல்தான். போன் லென்ஸ் சரியில்லை என்றேன்.

"உங்களுக்கு எதுதாங்கப்பா சரியா இருந்திருக்குது?" என்று போய்விட்டாள். அவளுக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் இந்த வண்டியில்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தேன். அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்துவிட்டது, நான் இன்னும் பாஸ் போடவில்லை. கிளட்ச் மேலேயே காலை வைத்திருப்பாள். எப்படிப் போடுவது? மாப்பிள்ளை பிரகதீஷை முதன்முதலில் கூட்டி வந்து காட்டியபோதுகூட, "கொஞ்சம் ரீவொர்க் பண்ணினால் தேறும்" என்றுதான் சொன்னேன். அதை ஒரு பாராட்டு என்று அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. வீட்டுக்காரி மரகதம் வாசலில் பெரிய புள்ளிக்கோலம் போட்டிருந்தாள். கல்யாண வீடு, நாலு பேர் வந்து போகிற இடம். புள்ளி வரிசை நடுவில் இறங்கி, கோடெல்லாம் நெளிந்து கிடந்தது. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது போல. நல்லபடியாகத்தான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. காபியில் சர்க்கரை இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

மரகதம் பேச ஆரம்பித்துவிட்டாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"ஏனுங்க, ஒருக்கா கண்ணைக் காட்டிட்டு வந்தா என்னங்க?"

"போன வருஷம்தான் கண்ணாடி மாத்துனேன்."

"கண்ணாடி வேற, கண்ணு வேறைங்க."

"கல்யாணம் முடியட்டும்."

இடது கண்ணைப் பற்றி அவளுக்கு எப்போதும் பயம். கம்பெனியில் கிரைண்டிங் தூள் விழுந்ததிலிருந்து அது பேருக்குத்தான் இருக்கிறது. அத்தனை சர்வீஸும் வலது கண் ஒன்றை வைத்துத்தான் பார்த்தேன். ஒரு பீஸ் தப்பிப் போனதில்லை. அந்தக் கண்ணைப் போய்ச் சந்தேகப்படுகிறாள்.

டிசம்பர் 28, சனி

வண்டியை உள்ளே விடும்போது கேட் தூண் இடது மட்கார்டை உரசிவிட்டது. கொத்தனார் தூணைக் கோணலாகக் கட்டியிருக்கிறான். இத்தனை வருஷம் இது எப்படி என் கண்ணில் படாமல் போயிற்று என்று தெரியவில்லை.

ஜனவரி 1, புதன்

புது டைரி. கோடு போட்ட டைரி என்று கேட்டு வாங்கினேன். கோடெல்லாம் பக்கத்தின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. பிரஸ்ஸில் பார்த்துப் பார்த்து அச்சடிக்க ஓர் ஆள் கூடவா இல்லை? இந்த நாட்டில் நேராக ஒரு கோடு போடத் தெரிந்தவன் எல்லாம் ரிட்டயர் ஆகிவிட்டான்.

ஜனவரி 4, சனி

வென்றேன்!

எத்தனை மாற்றினாலும் அடம் பிடிக்கிற சாமானுக்கு ஒரே வழி, அதன் வழியில் போய் நாம் சரிக்கட்டுவது. மிதவையைப் பிடித்திருக்கும் கம்பியைப் பிளையரால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். வளைப்பது, மாட்டுவது, டேஷ்போர்டுக்கு ஓடி வந்து பார்ப்பது, திரும்ப ஓடுவது. மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. உள்ளே இருபத்தைந்து லிட்டர், முள் முக்காலுக்குச் சற்று மேலே.

தாரணி எட்டிப் பார்த்து, "ஃபுல் டேங்க் காட்டுதுங்கப்பா" என்றாள்.

"முக்கால்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனாள். யார் தலையில் அடித்துக்கொண்டால் என்ன, இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 8, புதன்

பத்திரிகை வைக்கத் தினமும் ஊர் ஊராக வண்டியில் அலைகிறேன், முள்தான் சரியாகிவிட்டதே என்று குச்சியை எடுப்பதில்லை. கணபதி சந்திப்பில் ஒரு பையன் பைக்கில் எங்கிருந்தோ வந்து குறுக்கே விழுந்தான். நேர் எதிரில் வந்தானாம். நேர் எதிரில் வந்தால் எனக்குத் தெரியாதா? அடி இல்லை. என்னவெல்லாமோ சொல்லித் திட்டினான். அதை எழுத வேண்டாம்.

ஜனவரி 11, சனி

கிணத்துக்கடவில் மரகதத்தின் அண்ணன் வீட்டுக்கு நாளை பத்திரிகை வைக்கப் போக வேண்டும். எனக்கு முதுகு வலி. தாரணியை ஓட்டச் சொன்னேன்.

"நெசமாவா சொல்றீங்க? நீங்க பக்கத்துல உக்காராமயா?"

"முதுகு வலிங்கறன்ல."

மரகதம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முதுகு வலியே இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 12, ஞாயிறு

இதை எழுதிவிட்டுப் படுக்க வேண்டும்.

மத்தியானம் தாரணி போன் செய்தாள். "அப்பா, வண்டி நின்னு போச்சு. ஈச்சனாரிகிட்ட. மெயின் ரோட்டுல." அவ்வளவுதான் சொன்னாள். பின்னால் லாரிச் சத்தம்.

கேனில் தர மாட்டேன் என்ற பங்க்காரனிடம் கெஞ்சி, பெட்ரோலோடு ஆட்டோ பிடித்துப் போனேன். தூரத்தில் இருந்தே நாலு நாலு ஏழு தெரிந்தது, வலது ஓரத்து ட்ராக்கில், பாலம் இறங்குகிற இடத்தில். தாரணி ரோட்டின் நடுவில் நின்று துப்பட்டாவை ஆட்டி வருகிற லாரிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மரகதம் தடுப்புக் கட்டையில் பத்திரிகைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோட்டில் கறுப்பாக நீளமாக டயர் தேய்ந்த தடம். ஒரு டேங்கர் அங்கே பிரேக் போட்டிருக்கிறது. தடம் வண்டியின் பின் பம்பருக்கு ஒரு முழம் முன்னால்தான் முடிந்திருந்தது.

நான் கேட்டதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. "முள் எவ்வளவு காட்டுச்சு?" என்றேன்.

தாரணி கத்தினாள். ரோட்டில், அத்தனை பேர் முன்னால்.

"கால் டேங்க் காட்டுச்சுங்கப்பா! உள்ள ஒரு சொட்டு இல்ல! நீங்க வளைக்கறதுக்கு முன்னாடி அது சரியாத்தான் இருந்துச்சு. ஆறுச்சாமி அண்ணன் சொல்லிச்சு, உக்கடம் கடைக்காரரு சொன்னாரு, அம்மா சொன்னாங்க, நான் போட்டோவே எடுத்துக் காட்டுனேன். அத்தன பேருக்குமா கண்ணு போச்சு?"

பெட்ரோல் ஊற்றினேன். பாதி கீழே போயிற்று. கேன் வாயை எங்கே வைக்கிறோம் என்று தெரியவில்லை. மரகதம் எழுந்து வந்து, கேனை வாங்கி அவளே ஊற்றினாள்.

ஜனவரி 13, திங்கள், போகி

கம்பெனியில் புதுப் பையன்கள் சேர்ந்தால் முதல் நாள் நான் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். ஒரு பீஸ் தப்பாக வந்தால் பீஸைப் பார். வந்த சரக்கு, லாட் முழுக்கத் தப்பாக வந்தால் பீஸைத் தொடாதே, கையில் அளக்கிற கேஜைக் கொண்டுபோய் அளவு தப்பாத மாஸ்டரில் போட்டுப் பார். உன் கேஜ் கெட்டிருக்கும்.

மீட்டர் வளைசல். புது மீட்டரும் வளைசல். போட்டோ, கோலம், தூண், டைரி. லாட் முழுக்க ரிஜெக்ட். எல்லாம் ஒரே இடத்தில் வளைசல், நான் நேராகப் பார்க்கிற நடு இடத்தில். இன்று காலை காபி ஆறும் வரை இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பீரோவில் என் ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல் இருக்கிறது. அது நேரானது. யார் வந்து சொன்னாலும் அதைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன்.

நடுவில் வளைந்திருந்தது.

கட்டை விரலால் ஓரத்தைத் தடவினேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு பிசிறு இல்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு, பேருக்கு இருக்கிற இடது கண்ணால் பார்த்தேன். பனியில் பார்ப்பது போல மங்கலாக, ஆனால் நேராக இருந்தது. திரும்ப வலது கண். வளைசல். நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு பார்க்கப் பயமாக இருந்தது.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பெற்ற பெண்ணை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறேன். சரியாக இருந்த முள்ளை எனக்காக வளைத்து, அதை நம்பிப் போ என்று அனுப்பியிருக்கிறேன்.

அடுப்படிக்குப் போனேன். மரகதம் காப்புக் கட்ட வேப்பிலையும் பூளைப்பூவும் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் கோலம் நேராத்தான் இருந்துச்சு" என்றேன்.

"அது எனக்குத் தெரியுமுங்க" என்றாள். பிறகு, "பொங்கல் முடிஞ்ச ஒடனே போலாமுங்க. கண்ணாஸ்பத்திரில பேரு குடுத்து வெச்சுட்டேன்" என்றாள். என்றைக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். கோலத்தன்று என்றாள்.

ஜனவரி 17, வெள்ளி

டாக்டர் சின்னப் பெண். தாரணி வயதுதான் இருக்கும். விழித்திரையின் நடுவில் கசிவு என்றாள். வளைசல் தெரிந்த உடனே வந்திருந்தால் நல்லது என்றாள். நான் உடனே மிதவையை மாற்றினேன் என்று சொல்ல முடியுமா? கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டுமாம், மாதம் ஒன்று. இதற்கு மேல் கெடாமல் நிறுத்தப் பார்க்கலாம், போனது எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது.

"வண்டி ஓட்டறீங்களா அங்க்கிள்?"

"பிப்ரவரி பத்தாம் தேதி ஒரு தடவை ஓட்டோணும்."

"ஒரு தடவைகூட வேண்டாம்."

எவ்வளவு நாளாகக் காத்திருந்த ஓட்டம்! வாசலுக்கு வந்து ஆட்டோ தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மரகதம் ஆட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 20, திங்கள்

ஊசி. எழுதக் கூடாதாம்.

ஜனவரி 27, திங்கள்

ஆறுச்சாமி வந்து மிதவைக் கம்பியைப் பழையபடி நிமிர்த்தினான். நான் குச்சி விட்டுத் தடவித் தடவி லிட்டர் சொன்னேன், தாரணி முன்னால் உட்கார்ந்து முள் சொன்னாள். இரண்டும் சேரும் வரை விடவில்லை.

"இப்ப சரிங்களாண்ணா?" என்றான் ஆறுச்சாமி.

"எர்த் சரியா இருக்கா பாரு" என்றேன். அவனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

கல்யாணத்தன்று யார் ஓட்டுவது என்று மரகதம் கேட்டாள். மாப்பிள்ளைக்குக் கியர் வண்டி வராது. கிளட்ச் இல்லாத வண்டியிலேயே வளர்ந்தவர். ஆறுச்சாமியைக் கேட்கலாம் என்றாள். தாரணி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி இருந்தாள். ஈச்சனாரிக்குப் பிறகு அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

"தாரணி ஓட்டட்டும்" என்றேன்.

"பாஸ் போடாத ஆளைப் போயி ஓட்டச் சொல்றீங்க" என்றாள். ஆனால் ஸ்டீயரிங்கை விடவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாம்பாரில் புளி தூக்கல். பந்தலின் மேற்குப் பக்கத்துக் கால் கோணல் (மாப்பிள்ளையைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன், உண்மையிலேயே கோணல்).

கிளம்பும்போது என் பெரியப்பா மகன் வந்து நின்றுகொண்டான். "நாச்சிமுத்து, கல்யாணப் பொண்ணே வண்டி ஓட்டறதா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"சொல்றவங்க எல்லாம் பின்னாடி பஸ்ஸுல வரட்டும்" என்றேன்.

தாரணி கூரைப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாலையைக் கழற்றி மாப்பிள்ளை மடியில் போட்டுவிட்டு, ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். நானும் மரகதமும் பின் சீட்டு. இந்த வண்டியின் பின் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஸ்பிரிங் குத்துகிறது. இத்தனை காலம் இதை எப்படித்தான் சகித்தார்களோ, யாரும் சொல்லவில்லை.

"அப்பா, குச்சி" என்றாள் தாரணி.

இறங்கிப் போய்க் குச்சியை விட்டேன். நகம் நாலாவது வெட்டில் மாட்டியது. "இருபது!" என்று கத்தினேன்.

"மூணுல ரெண்டு பங்கு!" என்று முன்னாலிருந்து சொன்னாள். அவள் சொன்னதைப் போய்ப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஈச்சனாரிப் பாலம் இறங்கும்போது மரகதம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாண்டிய பிறகும் விடவில்லை. ரோட்டின் வெள்ளைக் கோடு எனக்கு இன்னும் நடுவில் நெளிகிறது. ஊசிக்குப் பிறகு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, அல்லது நானே அப்படி நினைத்துக்கொள்கிறேன். முன்னால் இருந்து மாப்பிள்ளை கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை, "பாதிக்கு மேல இருக்குங்க மாமா" என்று முள்ளைச் சொல்லிக்கொண்டே வந்தார். யாரும் சொல்லச் சொல்லவில்லை. தேறிவிடுவார்.

பொள்ளாச்சியில் வாழைமரம் கட்டிய வாசலில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எப்பிடிங்கப்பா?"

கிணத்துக்கடவில் இரண்டாவது கியர் கிரீச்சிட்டது. பிரேக் சீக்கிரம். வழி முழுக்கக் கிளட்ச் மேல் கால். எல்லாம் காதில் விழுந்தது. எல்லாவற்றையும் சொல்ல வாயைத் திறந்தேன்.

"பாஸ்" என்றேன்.

தாரணி அப்படியே ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தலை ஹாரன் மேல் பட்டுவிட்டது. அது ஊரைக் கூட்டி அலற, மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு பதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். மாப்பிள்ளை அவள் தோளைத் தட்டுகிறார், மரகதம் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள். எனக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது, இரண்டு கண்ணிலும்.

ஹாரன் நன்றாக வேலை செய்கிறது. எர்த் சரியாக இருக்கிறது.